இசைச் சாளரம்: விரைந்து வந்த வெற்றி

நம் சங்கத்து அம்மையார் ஒருவர், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குச் செல்லத் துடிக்கும் தம் மகளை அனுப்பலாமா என்று கேட்டார். விடை கூறுமுன், ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1999ஆம் ஆண்டில் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் 'பாப்ஸ்டார்ஸ்' என்னும் நிகழ்ச்சி தோன்றிற்று. இளம் பாடகியரைத் தேர்ந்தெடுத்துக் குழுவாக்கி, அவர்கள் பயிற்சி பெறுவதையும் பாட்டைப் பதிவு செய்வதையும் வாரந்தோறும் மக்களுக்குக் காட்டுவதே அதன் முறை. அம்முறை ஆஸ்திரேலியாவுக்கும் பரவ, அங்கே ஐவர் கொண்ட 'பார்டோ' குழு உருவாயிற்று. 2000 ஏப்ரலில் வெளிவந்த அதன் முதல் தனிப்பாட்டு 'பாய்சன்'. நஞ்சு என்பது பொருள். வெளியான முதல் வாரத்திலேயே அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அடுத்து வந்த இசைத்தொகுப்பும் அவ்வாறே முதலிடத்தில் நுழைந்தது.

காரணம் யாது? பாட்டு பாடகரை அறிமுகம் செய்வதே உலக வழக்கம். இங்கோ, பாட்டு கடைக்கு வருமுன்பே பாடுவோர் வீட்டுப் பிள்ளைகள் போலாகிவிட்டனர். அவர்தம் கண்ணீரையும் களிப்பையும் கண்டவர்கள், இசைத்தட்டை வாங்க ஓடினர்.

ஆயினும் 2001இல் ஒருவர் விலகினார். 2002இல் குழுவே கலைந்தது. உச்சியில் தொடங்கிய பயணம் ஈராண்டில் முடிந்தது!

அதே 2002இல் 'சேனல் வி' நம் நாட்டிலும் இம்முறையைக் கையாண்டு, 'விவா' என்னும் பெண்கள் குழுவை அமைத்தது. அக்குழுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதில் பாடிய நேகா பாசின், குழு போனபின்னும் பாட்டை விடவில்லை. 2007இல் வந்த 'சத்தம் போடாதே' படத்தில், யுவன் சங்கர் ராஜா இசையில், 'பேசுகிறேன் பேசுகிறேன்' என்று ஒலிப்பது அவர் குரலே. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத அவர் பாடியதை, தமிழகத்தை விட்டு வந்து வாழும் நாம் நம் பாட்டாகவே கேட்டு மகிழ்ந்தோம் அன்றோ?

அம்மையே, மகளைத் தாராளமாக அனுப்புங்கள். மேடை தரும் புகழ் அதை அமைத்தவர் கையில் உள்ளது. பயிற்சி தரும் குரல் அவளுடையது. வென்றாலும் தோற்றாலும், மறுநாள் காலையில் அவள் சுருதிப் பெட்டியின் முன் அமர்வாளா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.