உடைய வேண்டிய ஆணியும் உடையக் கூடாத ஆணியும்

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர் ராக்கெட் குழுக்கள் பெருகி வருகின்றன. இன்-ஸ்பேஸும் இந்திய விண்வெளியியல் சங்கமும் மாதிரி ராக்கெட் போட்டி நடத்தும் அளவுக்கு இத்துறை வளர்ந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இக்குழுக்களின் வடிவமைப்பு அறிக்கைகளில் ஒரு சமனின்மை கண்ணில் படுகிறது. உந்துவிசை வளைகோடும் காற்றியக்கக் கணிப்பும் பக்கம் பக்கமாக இடம்பெறுகின்றன. பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் போல்ட், நட்டு, ஸ்க்ரூ ஆகியவற்றுக்கோ பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதை அறிந்த சமூகம், ராக்கெட்டின் ஆணியைக் கடைக்குப் போகிறவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

இந்த அலட்சியத்தின் விலை என்ன? 5 கிலோ எடையுள்ள ராக்கெட் ஒன்றின் பாரசூட் விரியாமல் போய், அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 25,000 ஜூல். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,000 கிலோ காரின் ஆற்றலுக்கு ஏறத்தாழ இணையானது அது. காரின் முகப்பு அகலமானது. ராக்கெட்டின் மூக்கோ கூர்மையானது. ஏவுதளத்தைச் சுற்றி நிற்பவர்களோ மாணவர்கள்.

ராக்கெட்டில் ஆணிகள் இருவகைப்படும். எந்நிலையிலும் உடையக் கூடாதவை ஒருவகை. உரிய கணத்தில் உடைந்தே தீர வேண்டியவை மற்றொரு வகை. இயந்திர உறுப்பு வடிவமைப்புப் பாடத்தில் போல்ட் கணக்கு உண்டு. ஆனால் அங்கே போல்ட் என்பது பெரும்பாலும் உடையாமல் தாங்க வேண்டிய பொருள் மட்டுமே. ராக்கெட்டுக்கு அந்தப் பாடம் பாதிதான் உதவும்.

உடைய வேண்டியதை முதலில் பார்ப்போம். மூக்குப் பகுதி பறக்கும்போது முன்கூட்டியே கழன்றுவிடாமல் இருக்க, அதை நைலான் ஸ்க்ரூக்களால் உடற்குழாயோடு பிணைப்பது வழக்கம். உச்சியை அடைந்ததும் சிறு வெடிமருந்துப் பொதி உள்ளே அழுத்தத்தை எழுப்பும், நைலான் அறுபடும், பாரசூட் வெளிவரும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் கூடினால் மூக்கின்மீது கிடைக்கும் விசை சுமார் 785 நியூட்டன். எல்லா நைலான் ஸ்க்ரூக்களும் சேர்ந்து தாங்கும் விசை இதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக, உறுதி கூடும் என்ற நல்லெண்ணத்தில் மூன்று எம்3 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்களை ஒருவர் முடுக்கினால், அவை சேர்ந்து 6,000 நியூட்டன்வரை தாங்கும். மூக்கு அசையாது. இங்கே வலிமையே விபத்துக்குக் காரணமாகிறது.

உடையக் கூடாதவற்றிலும் ஆணியின் வலிமை மட்டும் போதாது. அதே 5 கிலோ ராக்கெட்டில் பாரசூட் விரியும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் 30 மடங்கு எனக் கொண்டால், இணைப்பின்மீது விழும் இழுவிசை ஏறத்தாழ 1,470 நியூட்டன். ஏ2-70 தரத்து எம்4 போல்ட்டின் மரைப்பகுதி 3,900 நியூட்டன்வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். கணக்கு முடிந்தது என்று தோன்றும், ஆனால் முடியவில்லை. கம்பியை வளைத்து, வாயைப் பற்றவைக்காமல் விட்ட ஐ-போல்ட்டின் வளையம், மரை அறுபடுவதற்கு வெகு முன்பே விரிந்து வாரை நழுவவிடும். வாஷர் சிறியதாக இருந்தால் நட்டு ப்ளைவுட் தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். பற்றவைத்த வளையமோ யு-போல்ட்டோ தேர்ந்து, சுமையை அகலமான வாஷரில் பரப்புவதே முறை.

இது மாணவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. 2015 ஜூன் 28 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட ஃபால்கன் 9 ராக்கெட் இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுப் பின் சிதறியது. ஹீலியம் கலனைப் பிடித்திருந்த தாங்குதண்டு, சான்றளிக்கப்பட்ட சுமையில் ஐந்தில் ஒரு பங்கிலேயே முறிந்தது என்றது ஸ்பேஸ்எக்ஸ். முறிவின் காரணத்தை நாசாவின் தனிக்குழு அதே விதமாக ஏற்கவில்லை. ஆனால் விண்வெளித் தரமற்ற, தொழிற்சாலைத் தரத்து வார்ப்பு முனையை முக்கியச் சுமைப் பாதையில் பயன்படுத்தியதையும், உற்பத்தியாளர் பரிந்துரைத்த நான்கு மடங்கு பாதுகாப்புக் காரணியைப் பின்பற்றாததையும் அக்குழு வடிவமைப்புப் பிழையாகச் சுட்டியது. பெரும் நிறுவனமே தடுமாறிய இடத்தில், தலையில் தரக்குறியே இல்லாத போல்ட்டைச் சில்லறையாக வாங்கும் மாணவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

எல்லாவற்றையும் பெரிய எஃகு ஆணிகளால் முடுக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். எடை கூடும், கீழே விழும் பொருளின் ஆபத்தும் கூடும். மாதிரி ராக்கெட்டின் மூக்கு, உடல், இறக்கை ஆகியவற்றில் எடைகுறைந்த, உலோகமல்லாத பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி வற்புறுத்துவது காரணமின்றி அன்று.

தீர்வுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் ஓர் அட்டவணை கட்டாயமாக வேண்டும்: எந்த இணைப்பு, எவ்வளவு சுமை, எந்தத் தரத்து ஆணி, அது உடைய வேண்டியதா கூடாததா. 8.8 போன்ற தரக்குறி பொறித்த போல்ட்டுகளையே வாங்க வேண்டும். பாரசூட் இணைப்பை மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டேனும் இழுத்துச் சோதிக்க வேண்டும். நைலான் ஸ்க்ரூக்கள் அறுபடுவதைப் பறப்புக்கு முன் தரையிலேயே, தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் உறுதிசெய்ய வேண்டும். மறுபடி மறுபடி கழற்றி மாட்டினால் பிடிப்பை இழக்கும் நைலாக் நட்டுகளை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஆணி ஆய்வுக்குரிய பொருளா என்று புருவம் உயர்த்தும் பேராசிரியர்கள், மதிப்பெண் பட்டியலில் அந்த அட்டவணைக்கு ஓர் இடம் கொடுத்துப் பார்க்கட்டும். மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் மாணவரின் கவனமும் இருக்கும்.