ஸ்கேட்போர்டு சக்கரம் கரகரங்குதா? தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்!

அறுவடை முடிந்து, நெல்லை அள்ளி மூட்டை கட்டிய பிறகு உலர்களம் காலியாகக் கிடக்கும் நாள்கள்தான் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சீசன். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர் மாதிரி, பேரிலேயே களம் இருக்கிற ஊர்ப்பக்கம் வேறு எங்கே போய் ஓட்டுவது? தார்ச்சாலை என்றால் ஜல்லி பெயர்ந்து நிற்கும். தெருவில் போட்ட சிமென்ட் சாலையில் டூவீலரும் டிராக்டரும் குறுக்கே வரும். சிமென்ட் பூசிய களம்தான் வழுவழு என்று, நாலு பக்கமும் திறந்து, விழுந்தாலும் வண்டி ஏறாத இடமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் களத்தில்தான் வில்லனும் இருக்கிறான். பெருக்கி எடுத்த பிறகும் மூலைகளில் தங்கும் பதர், நெல்லின் சுணை, மாவு மாதிரியான மண் தூசி. இரண்டே வாரத்தில் சக்கரம் கரகரக்க ஆரம்பிக்கும். ஒரு சக்கரம் மட்டும் தட்டிவிட்டால் அரைச் சுற்றோடு நின்றுவிடும். உடனே வீட்டில், "வாங்கிக் குடுத்து முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள பாழாக்கிட்டியா?" என்று பிள்ளைக்குத் திட்டு விழும். போர்டு கட்டிலுக்கு அடியில் போகும். அது பெண் குழந்தையின் போர்டாக இருந்தால், "போதும் ஆடினது" என்று சொல்லக் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அதுவே ஒரு சாக்கு.

உண்மையில் எதுவும் உடைந்திருக்காது. எட்டு பேரிங்குகள் அழுக்காகியிருக்கும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை, அதிகம் போனால் ஒரு மணி நேரம்.

அப்பாக்களுக்குத் தெரிந்த சாமான்தான்

இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் அப்பாக்கள் பலர் சின்ன வயதில் பேரிங் வண்டி ஓட்டியவர்கள். லாரி வொர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பேரிங் மூன்றைக் கெஞ்சி வாங்கி, பலகையில் கட்டை அடித்து மாட்டி, ஒருவர் உட்கார இன்னொருவர் தள்ள, தெருவே அதிரும். ஸ்கேட்போர்டின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் ரோலர் ஸ்கேட் சக்கரத்தைப் பிரித்துப் பலகையில் அடித்து ஓட்டினார்கள். அப்போது சக்கரத்துக்குள் குண்டுகள் தனித்தனியாகத்தான் இருக்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் குண்டுகள் ரோட்டில் உருண்டோடும். 1970-களின் நடுவில்தான் குண்டுகளை வளையத்துக்குள் அடைத்து மூடிய முழு பேரிங் ஸ்கேட்போர்டுக்கு வந்தது.

அதற்கும் முந்தைய ஆள் மாட்டு வண்டி. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, 'வண்டி மை' என்று அச்சில் தடவுவார்கள். மை தீர்ந்த வண்டி 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டே வருவதைத் தாத்தா, பாட்டிகளிடம் கேட்டால் நடித்தே காட்டுவார்கள். குண்டு வைத்த பேரிங்குக்கு 1794-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கிய பிலிப் வான் என்பவரும் குதிரை வண்டி அச்சுக்காகத்தான் அதை வாங்கினார். அச்சு எதுவானாலும் நோய் ஒன்றுதான். இரும்பும் இரும்பும் நேராக உரசக் கூடாது. நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும்.

ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட், இன்லைன் ஸ்கேட் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே பேரிங்தான். பெயர் 608. உள் ஓட்டை 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 22, தடிமன் 7. உள்ளே பெரும்பாலும் ஏழு குண்டுகள். சில வருடங்களுக்கு முன்பு பிள்ளைகள் விரலில் சுற்றிக்கொண்டிருந்த ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் இதேதான். சக்கரத்துக்கு இரண்டு வீதம் போர்டுக்கு எட்டு. ஒரு ஜோடி இன்லைன் ஸ்கேட்டில் எட்டு சக்கரம் என்றால் பதினாறு.

சரி, இந்தச் சின்ன வளையம் எவ்வளவு தாங்கும்? தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் பந்தயத்தை ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடித்துத் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் சீனியர் பிரிவில் கிடைத்த முதல் தங்கம் அது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேவில் வெண்கலம் வென்ற இந்திய ஆண்கள் அணியிலும் அவர் இருந்தார். அதே நாளில் வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் என்று இரண்டு தமிழ்நாட்டுப் பெண்கள். கணக்குப் போட்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 110 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டிச் சுற்றும். களத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன ஸ்கேட்போர்டு சக்கரமோ 1500 சுற்று. 608 பேரிங் இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆக, வேகம் அதைக் கொல்வதில்லை. தூசியும் தண்ணீரும்தான் கொல்கின்றன.

இதனால்தான் கடைக்காரர் 'ஏபெக் 7', 'ஏபெக் 9' என்று நம்பர் சொல்லி விலையை ஏற்றினால் மயங்க வேண்டாம். அளவுகள் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும் எண் அது. எஃகின் தரத்தையோ, உள்ளே இருக்கும் எண்ணெயையோ, தூசி புகாமல் காக்கும் மூடியையோ அது சொல்லாது. நல்ல மூடி போட்ட சாதாரண பேரிங், களத்துத் தூசிக்கு அதைவிடத் தோது.

கழற்றுவது எப்படி?

சக்கர நட்டுக்கு 13 நம்பர் ஸ்பேனர் போதும். டூவீலர் டூல் கிட்டிலேயே இருக்கலாம். நட்டைக் கழற்றும்போது இரு பக்கமும் சின்ன வாஷர்கள் விழும். இவற்றைத் தொலைக்காமல் இருப்பதுதான் பாதி வேலை. ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு வையுங்கள்.

சக்கரத்திலிருந்து பேரிங்கை எடுக்க ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வேண்டாம். சக்கரத்தை அச்சின் நுனியில், ஒரு பேரிங் மட்டும் மாட்டும் அளவுக்கு நுழையுங்கள். சோடா மூடியை நெம்புவதுபோல சக்கரத்தைச் சாய்த்துத் திருப்பினால் பேரிங் கழன்று அச்சிலேயே நின்றுவிடும். நடுவில் குழாய்த் துண்டு மாதிரி ஒன்று, ஸ்பேசர், இருந்தால் அதையும் தட்டில் போடுங்கள்.

அடுத்தது மூடி. ரப்பர் மூடி என்றால் உள்வளையத்தின் பக்கமிருந்து ஊக்கு முனையால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். உலோக மூடி என்றால் வெளி ஓரத்தில் கம்பி வளையம் ஒன்று பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் முனையை ஊசியால் தூக்கலாம். வளையமே இல்லாமல் அழுத்தி மூடியிருந்தால் அது திறப்பதற்கு இல்லை. வலுக்கட்டாயமாக நெம்பினால் மூடி கோணி, பிறகு குண்டில் உரசும்.

இந்த இடத்தில் பலர் செய்கிற தப்பு, திறக்காமலேயே வெளியிலிருந்து எண்ணெயை ஊற்றுவது. தூசியோடு எண்ணெய் கலந்தால் அது சாணைக்கல்லில் தடவும் பசை மாதிரி ஆகி, குண்டையே தேய்க்கும். ஒரு நாள் நன்றாக ஓடும். அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம்

கழுவுவதற்கு ஏற்றது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பது இதைத்தான். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் கலந்திருக்கும். தண்ணீர், சோப்பு நுரை எல்லாம் ரப்பர் மூடிக்கும் சக்கரத்துக்கும் மட்டும். பேரிங் எஃகில் தண்ணீர் நின்றால் துருதான்.

மெக்கானிக்குகள் டீசலில் அலசுவார்கள். அதுவும் சரி, மண்ணெண்ணெயும் சரி, அழுக்கை எடுக்கும். ஆனால் பின்னால் ஒரு படலத்தை விட்டுவிடும். மெல்லிய துணியில் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும்.

பெட்ரோல் மட்டும் கூடாது. வண்டி டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்து, கிண்ணத்தில் பேரிங்கைப் போட்டு, பிள்ளையை உட்காரவைத்துக் கழுவச் சொல்லும் வீடுகள் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது; தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அடுப்படியில் எரியும் கேஸ், சாமி மாடத்து விளக்கு, ஊதுவத்தி எது எதிரில் வந்தாலும் தீ திரும்பிக் கிண்ணத்துக்கே வரும். பேரிங்கைப் புதிதாக வாங்கிவிடலாம். ஆல்கஹாலும் பற்றிக்கொள்ளும் பொருள்தான் என்பதால் அதையும் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ, நெருப்பு இல்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறக்கவும்.

மூடி உள்ள சின்ன பாட்டிலில் எட்டு பேரிங்கையும் போட்டு, முழுகும்வரை ஆல்கஹால் ஊற்றி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கறுப்பாக இறங்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. தெளிவாக இறங்கினால் போதும். பழைய பனியன் துணியில் தட்டி, ஃபேன் காற்றில் உலரவிடுங்கள்.

பஞ்சர் கடை ஏர் கம்ப்ரஸரில் ஊதிச் சுழலவிட்டால் 'வீல்' என்று விமானச் சத்தம் வரும். பிள்ளைகளுக்கு அதில் தனி ஆனந்தம். செய்யக் கூடாது. எண்ணெயே இல்லாத குண்டு அந்த வேகத்தில் வளையத்தைக் கீறும், சில நேரம் தெறிக்கவும் செய்யும். கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் இருக்கும்.

உலர்ந்ததும் உடனே எண்ணெய். ராத்திரி முழுக்க வெறுமனே வைத்தால் காலையில் துரு பொட்டு வைத்திருக்கும்.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் ஒரு வாரம் இனிக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசின் ஆகும். கல்வராயன் மலை மேலே மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். விளக்கெண்ணெய் மாட்டு வண்டி அச்சுக்குச் சரி, இவ்வளவு சின்ன குண்டுக்கு ரொம்பக் கெட்டி. டபிள்யூடி-40 ஸ்பிரே துருவை விடுவிக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. பெயரில் இருக்கும் இரண்டு எழுத்தே 'தண்ணீரை விரட்டுவது' என்பதன் சுருக்கம்தான். ஆனால் அந்தப் படலம் பேரிங்கில் ரொம்ப நாள் நிற்காது.

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்தான் சரியான ஆள். எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு, பிசின் ஆகாது. பேரிங்குக்கு ஒன்று, அல்லது இரண்டு சொட்டு. விரலால் சுற்றிப் பரவவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். அதிகம் விட்டால் வெளியே கசிந்து தூசியைத்தான் இழுக்கும். தூசி, சேறு அதிகமான இடத்தில் ஓட்டுகிறவர்கள் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் கொஞ்சம் வைக்கலாம், உள்ளே இருக்கும் இடத்தில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். கையால் சுற்றினால் சீக்கிரம் நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணெயே இல்லாத பேரிங்தான் கையில் நிமிடக் கணக்கில் சுற்றிக் காட்டும். ஆள் ஏறி நின்றால்தான் சாயம் வெளுக்கும்.

மாட்டும்போது மூடி வெளிப்பக்கம் பார்க்கட்டும். ஸ்பேசரை மறக்காதீர்கள். நட்டை இறுக்கி, பிறகு கால் திருப்பு தளர்த்தினால் சக்கரம் பக்கவாட்டில் மயிரிழை ஆடும், அதுதான் அளவு. நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளை ஏற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முன்சக்கரம் ஒன்று இறுகினால் போர்டு அங்கேயே நிற்கும், ஏறியிருப்பவர் நிற்க மாட்டார். முதலில் தரையில் ஊன்றுவது கைதான். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் அதற்காகத்தான். கல்வராயன் மலைச் சாலை இறக்கத்தில் வேகம் பார்க்கும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரலாம், பேரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பஸ் வரும் சாலை.

கழுவிய பிறகும் கரகரப்பு போகவில்லை, குண்டின் பாதையில் குழி தெரிகிறது, உள்ளே குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு விரிந்திருக்கிறது என்றால் அந்த பேரிங்குக்கு ஆயுள் முடிந்தது. ஆன்லைனில் 'ஸ்கேட் பேரிங்' என்று தேட வேண்டியதில்லை. டவுனில் பேரிங் கடையிலோ மோட்டார் காயில் கட்டும் கடையிலோ '608, ரப்பர் மூடி' என்று கேளுங்கள், அல்லது பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாமல்லபுரத்தில் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சறுக்கிய சிறுமி கமலி மூர்த்தியின் படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் பகிர்ந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அவளைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. போட்டியில் வென்றதும் ஸ்கேட்போர்டு படம்தான், காபூல் சிறுமிகளைப் பற்றியது. கடற்கரை ஊர்களில் பதருக்குப் பதில் உப்புக் காற்றும் மணலும். அங்கே ஓட்டுகிறவர்கள் இன்னும் அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டியிருக்கும். களத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு முறை, அல்லது சத்தம் மாறிய அன்றே.

தை பிறந்தால் களம் மறுபடி நெல்லுக்குப் போய்விடும். போர்டை எடுத்து வைக்கும் முன் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக விட்டு, சக்கரங்களைப் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, ஈரம் படாத பரணில் வையுங்கள்.