தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம்!

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கருத்தரங்கு. பேசிய ஐயா ஒருவர், "மலையகத் தோட்டத்துப் பெண்களுக்கு ஆரோக்கியம் பற்றி விழிப்புணர்வே இல்லை" என்றார். மண்டபம் தலையாட்டியது. நாங்களும் கை தட்டிவிட்டுத்தான் வெளியே வந்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்களில் ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருக்கிறாள். கிளினிக் நாளென்றால் அவளுடைய ஃபோனில் படங்கள் வந்து விழும். அம்மாவின் கிளினிக் துண்டு, பக்கத்து லயத்து அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட், மருந்து உறை. "இதுல என்னா எழுதியிருக்குனு பார்த்துச் சொல்லு பிள்ள." எல்லாம் சிங்களத்தில், இல்லையென்றால் இங்கிலிஷில். விரிவுரைக்கு நடுவில் வாசித்து வொய்ஸ் போட்டு அனுப்புவாள். அவளுக்கும் விளங்காததை நாங்கள் காலி வீதி ஃபார்மசியில் கேட்டு வந்து சொல்லுவோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று அந்த வொய்ஸை மூன்று நாலு பேர் சேர்ந்து கேட்பார்களாம். இவ்வளவு பாடுபட்டு ஒரு துண்டை வாசிப்பிக்கிறவர்களுக்கா விழிப்புணர்வு இல்லை?

தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. நுவரெலியாவும் அம்பகமுவவும் 1999இல் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு தமிழிலும் அச்சாகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அம்மாக்கள் அனுப்புகிற படங்களில் இருப்பது அச்சு இல்லை, பேனையால் கிறுக்கியது. எந்தக் குளிசை, எத்தனை வேளை, திரும்ப எப்ப வரவேணும் எல்லாம் அங்கேதான் இருக்கு.

"யூடியூப்ல பார்க்கலாமே" என்பீர்கள். பார்க்கிறார்கள். வருவது தமிழ்நாட்டு வீடியோ. அது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லும். இங்கே இருப்பது எம்.ஓ.எச். அலுவலகமும் குடும்பநல உத்தியோகத்தரும் தோட்டத்து டிஸ்பென்சரியும்.

தகவல் மலையேறாது என்றும் சொல்ல முடியாது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது, ஒரு கட்டத்தில் 500 ரூபா. எல்.ஆர்.டி. என்ற மூன்றெழுத்து லயம் லயமாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது எந்த மொழித் தடையும் இருக்கவில்லை! வேறு என்ன வழிகள் உண்டு, பிறகு பிள்ளை வேணுமென்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை என்று எத்தனையோ பெண்கள் பிறகு சொன்னார்கள். பிள்ளை பெறாமலிருக்கச் செய்ய முடிந்த அரசுக்கு, மருந்து உறையில் "காலை 1, இரவு 1" என்று தமிழில் எழுத முடியாதாம்.

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. தமிழ் கதைக்கிற குடும்பநல உத்தியோகத்தர்களைப் போதுமான அளவில் நியமியுங்கள். கிளினிக் நாளில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். வாசித்து விளங்காத படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.

அந்த ஐயா அடுத்த கூட்டத்துக்கும் வருகிறாராம். அம்மாக்களிடம் கேட்டு, பெயர்களை மறைத்து, அந்தத் துண்டுகளின் பிரதிகளோடு போகப்போகிறோம். அவரே வாசித்துக் காட்டட்டும்.