கல்குவாரிகளும் பெருங்கற்காலச் சின்னங்களும்: பாலக்காட்டு எல்லையை முன்வைத்து

கல்லுடைக்கும் இடங்களில் பழங்குழிகளும் பானையோடுகளும் வெளிப்படும்போது, 'குவாரி தோண்டியதால்தானே இவை கிடைத்தன' என்று வாதிடுவோர் உளர். 1863இல் பல்லாவரத்துச் சரளைக்குழியொன்றில் இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவியைக் கண்டெடுத்ததைச் சான்றாகவும் காட்டுவர். இக்கூற்று ஏற்புடையதன்று. தோண்டி எடுக்கப்பட்ட மண்ணில் கிடைத்த கருவி தன் காலத்தைத் தானே சொல்லாது. அதே ஆண்டில் பூட் கண்டறிந்த அத்திரம்பாக்கத்திலோ மண்ணடுக்குகள் கலையாது எஞ்சியிருந்தன. ஆகவேதான் சாந்தி பப்பு குழுவினர் அங்கு அகழ்ந்து, கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் நிறுவ முடிந்தது. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுமி கி.மு. 1155ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டதும் முறையான அகழாய்வினாலேயே. பொக்லைன் வாளி அள்ளிப்போட்ட தாழியில் நெல் இருந்ததா, எலும்பு இருந்ததா என்று எவராலும் கூறவியலாது.

பாலக்காட்டுக் கணவாய், கொங்குநாட்டை மேலைக் கடற்கரையோடு இணைத்த பெருவழி. அதன் கேரளப் பகுதியில் மலம்புழா அணைக்கருகே நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட பெருங்கற்சின்னங்கள் இருப்பதை இந்தியத் தொல்லியல் துறை 2025இல் அறிவித்தது. அணை திறக்கப்பட்டதோ 1955இல். எழுபது ஆண்டுகள் கண்முன் கிடந்தவற்றுக்கே இந்நிலை எனில், சித்தூர் வட்டத்தில் மண்ணுக்கடியில் கிடப்பனவற்றின் கதி யாது?

சட்டமும் துணைநிற்பதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் நூறு மீட்டர் தடைப்பகுதியையும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதியையும் வகுக்கிறது. ஆனால் அவை பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டுமே உரியன. பட்டியலில் இல்லாத ஈமக்குழி சட்டத்தின் கண்ணுக்கு வெற்று நிலம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளையே ஆட்சியருக்கு அறிவிக்கச் சொல்கிறது. ஓட்டுச்சில்லுக்குப் பத்து ரூபாய் மதிப்பிடுபவர் யார்?

தமிழ்த்துறைகளும் இப்பழியிலிருந்து தப்பவியலாது. கணவனை இழந்தவள் தனக்கும் சேர்த்து அகன்ற தாழி வனையுமாறு குயவனை வேண்டும் புறப்பாடலும், குழியிற் புதைத்தல், தாழியிற் கவித்தல் முதலாகச் சவமடக்கும் முறைகளை வகுத்துக் கூறும் மணிமேகலைப் பகுதியும் கருத்தரங்குதோறும் எடுத்தாளப்படுகின்றன. அத்தாழி வாளையாற்றுக்கு அப்பால் உடைபட்டால் மட்டும் அது 'கேரளத் தொல்லியல்' ஆகிவிடுகிறது. சித்தூர் கொச்சி அரசிலும் பாலக்காடு சென்னை மாகாணத்திலும் இருந்தமை அண்மைக்கால வரலாறு. 1956இல் வகுத்த மாநில எல்லை பெருங்கற்கால மக்களைக் கட்டுப்படுத்தாது. இடுக்கி மாவட்டத்து மறையூர் முனியறைகளுக்கும் இது பொருந்தும்.

குத்தகை வழங்கியபின் அறிக்கை கேட்பதில் பயனில்லை. குத்தகைக் கோப்பில் நில அளவை வரைபடத்தோடு தொல்லியலார் நடந்து பார்த்துத் தந்த அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும். பாறை, முனியறை, தாழிமேடு என வழங்கும் ஊர்ப்பெயர், காட்டுப்பெயர்களைச் சித்தூர் வட்டம் முழுதும் தொகுப்பது தமிழ் ஆய்வாளர் ஒருவரால் ஓரிரு கோடையில் முடியக்கூடிய பணி. அத்தொகுப்பு கனிமவளத் துறையின் மேசைக்கு முதலில் செல்லவேண்டும்; பல்கலைக்கழக நூலகத்திற்கு அடுத்துச் செல்லலாம்.