மலையடிவார முகாம்களின் பொறுப்பு

2024 ஜனவரி இறுதியில் குக்கே சுப்ரமண்யா அருகேயுள்ள குமார பர்வதத்தில் கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டது. அதன்பின் கர்நாடக வனத்துறை, மலையேற்றத்துக்கு ஆன்லைன் முன்பதிவைக் கட்டாயமாக்கி, பாதை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 300 பேர் என வரம்பு விதித்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை.

ஆனால், காட்டுக்குள் உள்ள கண்டிப்பு அடிவாரத்துத் தனியார் முகாம்களிலும் வேண்டாமா? ஓடைக்கரையில் கழிப்பறைக் குழி தோண்டினால், கீழேயுள்ள கிராமம்தான் அந்த நீரைக் குடிக்கும். குழி ஓடையை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். காகிதத் தட்டுக்குப் பதில் எவர்சில்வர் தட்டு போதும். காட்டு விறகில் நெருப்பு மூட்டுவதும் இரவில் ஒலிபெருக்கி அலறுவதும் நிற்க வேண்டும்.

வார இறுதியில் பெங்களூரிலிருந்து கிளம்பும் நம் இளைஞர்கள், முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்கட்டும். வாடிக்கையாளர் வற்புறுத்தினால் முகாம் நடத்துவோர் திருந்தியே ஆகவேண்டும்.