நாடும் நடையும்: செல்போர்ன் கிராமத்து ஒற்றையடிப் பாதைகள்

இங்கிலாந்து சென்று திரும்பும் நம் சங்கத்து அன்பர்களிடம், "என்ன கண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. கோபுரப் பாலம், அரண்மனை வாயில், மெழுகுப் பொம்மைக் காட்சி. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கச் செல்லும் பெற்றோர்க்கு இப்பட்டியல் பத்து நாளில் தீர்ந்துவிடும். பிள்ளைகள் அலுவலகம் செல்வர். பேரக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வர். எஞ்சிய பொழுதெல்லாம் சன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்ப்பதே வேலை. அந்நாட்டின் அரிய பொதுச் செல்வம் ஒன்று நுழைவுச் சீட்டும் கட்டணமும் இன்றி வெளியே காத்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கிராமத்து நடைபாதைகளையே நாம் குறிப்பிடுகிறோம்.

அங்கே வயலும் மேய்ச்சல் நிலமும் தனியார் உடைமை. ஆயினும் அவற்றின் ஊடே செல்லும் பொதுவழிகளில் நடக்கும் உரிமை மக்களுடையது. நிலம் ஒருவருக்கு, வழி எல்லோருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் பதிவாகியுள்ள இத்தகைய வழிகளின் நீளம் ஏறக்குறைய 1,40,000 மைல். அவற்றில் முதியோரும் சிறுவரும் எளிதில் நடக்கத்தக்க சில மைல்களை மட்டும் இங்கே காண்போம்.

ஹாம்ஷயர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் செல்போர்ன். இலண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் கடைசி நிலையம் ஆல்ட்டன் நகரம். அங்கிருந்து ஊருக்கு நாலைந்து மைல், பேருந்து உண்டு. கிராமத்துப் பேருந்து அடிக்கடி வருவதன்று. ஆதலின் திரும்பும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

இவ்வூரை உலகறியச் செய்தவர் கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார். 1720-இல் இங்கே பிறந்து, 1793-இல் இங்கேயே மறைந்தார். தம் ஊர்ப் பாதைகளில் ஆண்டுதோறும் நடந்து, கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் குறித்து வைத்தார். அக்குறிப்புகளின் பயனாய் 1789-இல் வெளிவந்த செல்போர்ன் இயற்கை வரலாற்று நூல் இன்றளவும் அச்சாகி வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு குருவிகளை, அவற்றின் குரல் வேறுபாட்டைக் கொண்டே மூன்று தனி இனங்கள் என்று பிரித்தறிந்தவர் அவர். நிதானமாக நடப்பவருக்கே இத்தகைய செவி வாய்க்கும்.

ஊரின் தென்மேற்கே, தெருவுக்கு மேல் சுமார் 300 அடி உயரத்துக்குச் சுண்ணக் குன்று ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் செங்குத்தான சரிவு முழுவதும் பீச் மரக் காடு. நேரே ஏறுவது கடினம் என்பதால் 1753-இல் கில்பர்ட்டும் அவர் தம்பி ஜானும் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்றை அமைத்தனர். 'ஜிக்ஜாக்' என்ற பெயருடன் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கலாம். ஒவ்வொரு முறையும் ஊர்க் கூரைகள் ஒரு படி கீழே இறங்கியிருக்கும். உச்சியில் ஒரு பெருங்கல் உண்டு. அங்கு நின்றால் ஊரும் வயலும் ஒருசேரக் கண்ணில் படும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் இப்படிகளைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. 1780-இல் அமைக்கப்பட்ட 'பாஸ்டல்' என்னும் மற்றொரு பாதை, காட்டின் ஊடே சாய்வாக, மெல்ல மெல்ல மேலேறுகிறது. அதன் வழியே ஏறி, மேலே உள்ள பொதுநிலத்தில் சிறிது உலவி, வந்த வழியே இறங்கலாம். ஒன்றரை மணி நேரம் போதும். மழை பெய்த மறுநாள் மட்டும் எச்சரிக்கை தேவை. நனைந்த சுண்ணமண் எண்ணெய் தடவிய தரைபோல் வழுக்கும்.

இரண்டாவது நடை மாதா கோயில் முற்றத்தில் தொடங்குகிறது. முற்றத்தில் ஒரு பழைய 'யூ' மரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. அம்மரத்தின் சுற்றளவை வைட் அளந்தபோது 23 அடி இருந்தது. 1990 சனவரியில் வீசிய புயலில் அது வீழ்ந்தது. ஊரார் அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தும் பிழைக்கவில்லை. அதன் கிளையிலிருந்து வளர்த்த கன்று அதே முற்றத்தில் நடப்பட்டது. அருகிலேயே வைட்டின் கல்லறை. பெயரின் இரு முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டும் பொறித்த சிறு கல். தேடித்தான் காணவேண்டும்.

அங்கிருந்து இறங்கும் பாதை, ஓடை ஒன்றைக் கடந்து 'ஷார்ட் லித்', 'லாங் லித்' என்னும் மரச் சரிவுகளின் வழியே செல்கிறது. அப்பால் சென்றால், 1233-இல் நிறுவப்பட்டு 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலைக்கப்பட்ட மடம் ஒன்று இருந்த இடத்தை அடையலாம். ஏற்றம் குறைவு, நிழல் மிகுதி. குழந்தைகளுடன் செல்வோர்க்கு இதுவே ஏற்றது.

ஊரைச் சுற்றிலும் பள்ளச் சாலைகள் என்று ஒரு விந்தை உண்டு. மென்மையான பாறையின்மேல் பல நூற்றாண்டுகள் காலடியும் வண்டிச் சக்கரமும் தேய்த்தன. மழைநீர் தேய்ந்த துகளை அரித்துச் சென்றது. வைட் காலத்திலேயே சில இடங்களில் சாலை, வயல் மட்டத்துக்குக் கீழே 16 முதல் 18 அடி வரை இறங்கியிருந்தது. நடந்து நடந்தே மனிதர் தோண்டிய வழிகள் அவை.

இவ்வழிகளில் நடக்கும் உரிமை தானே வந்ததன்று. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், டெர்பிஷயர் மாவட்டத்தில் வேட்டைப் பறவைகளுக்கென்று மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில், தடையை மீறி ஏறக்குறைய 400 பேர் நடந்தனர். பலர் ஆலைத் தொழிலாளர், இளைஞர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 20 ஆண்டுகள் மக்கள் ஒரு வழியில் தடையின்றி, மறைவின்றி, எவரிடமும் உத்தரவு கேளாமல் நடந்து வந்திருந்தால் அது பொதுவழி எனக் கொள்ளப்படும் என்ற விதியும் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுந்தது. நில உரிமையாளர் தம் மறுப்பை வெளிப்படக் காட்டியிருந்தால் மட்டும் அது பொருந்தாது. இன்று அவ்விதி 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஊர்தோறும் உள்ள பாதைகளை அளந்து வரைபடத்தில் பதிவு செய்யும் கடமையை மாவட்ட மன்றங்களுக்கு விதித்தது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். செல்போர்னும் அதன் காடுகளும் 2010 முதல் சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவில் அடங்கும்.

சட்டம் இருப்பதால் மட்டும் பாதை பிழைத்துவிடாது. பொதுவழி என்று ஒருமுறை ஆனது, நடப்பார் இல்லை என்பதால் உரிமை இழப்பதில்லை என்பது அந்நாட்டு நீதி. ஆனால் முட்செடிக்கு அந்த நீதி தெரியாது. இரண்டு கோடை எவரும் மிதிக்காத பாதையைப் புதர் மூடும். வேலியைக் கடக்கும் மரப்படி உளுத்துப் போகும். வரைபடத்தில் கோடு மட்டும் மிஞ்சும். பதிவு செய்யத் தவறிய பழைய வழிகளோ அந்தக் கோடும் இல்லாதவை. அவற்றைப் பழஞ்சுவடிகளில் தேடியெடுத்துப் பதிவு செய்யத் தொண்டர்கள் பலர் இன்றும் உழைக்கின்றனர்.

ஆகவே அங்குச் செல்லும் நம்மவர் கூச்சப்பட வேண்டியதில்லை. "அயல்நாட்டார் வயலில் நாம் கால் வைக்கலாமா?" என்று தயங்குவோர் உளர். பொதுவழி உரிமை குடிமகனுக்கு மட்டும் உரியதன்று. நடக்கும் எவருக்கும் உரியது. பாட்டி புடைவையின்மேல் கம்பளிச் சட்டையும் காலில் உறுதியான காலணியும் அணிந்து, பேத்தியின் கையைப் பற்றி நடந்தாலும், அந்தப் பாதை இன்னும் பயனில் இருக்கிறது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

நடப்போர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. மஞ்சள் அம்புக்குறி நடப்போர்க்கான வழி. நீல அம்புக்குறி குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்வோர்க்கும் உரியது. மூடியிருந்த படலைக் கடந்ததும் மீண்டும் மூடுக. பயிரை மிதியாமல் வழியிலேயே செல்க. கன்றுடன் நிற்கும் பசுவை நெருங்காது ஒதுங்கிப் போக. அரசு நில அளவைத் துறையின் விரிவான வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்க. அதில் பச்சைக் கோடுகளாகப் பொதுவழிகள் தெரியும். கூடவே ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். கண்ட பறவையையும் மலரையும் நாளிட்டு எழுதப் பேரக் குழந்தைகளைப் பழக்குக.

இவ்வாண்டு இங்கிலாந்து செல்லவிருக்கும் அன்பர்கள் பிள்ளைகளின் ஊருக்கு அருகே உள்ள பாதை ஒன்றை நடந்து பார்த்து நமக்கு எழுதுவார்களாக. அவர்தம் கடிதங்களை இப்பகுதியில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.