குருதியிலும் ஏழை பணக்காரனா?

ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஒரே அளவிற் கொடுத்தாலும் எல்லா உடலும் அதனை ஒரே விதமாய் ஏற்பதில்லை. இதற்குப் பரம்பரையலகுகளும் காரணம் என்பதை விஞ்ஞானம் நிறுவி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் இவ்வறிவை நாளாந்த வைத்தியத்திற் சேர்க்க வேண்டுமென்றால், "இது செல்வ நாடுகளின் ஆடம்பரம், வன்னிக்கு முதலில் வைத்தியர்கள் வரட்டும்" என்கின்றனர் சிலர். வைத்தியர்கள் வரத்தான் வேண்டும். ஆனால், ஏழைக்குக் குறைந்தது போதும் என்னும் பழைய வாதமே இங்கு இரக்கத்தின் வேடம் புனைந்து நிற்கிறது.

இவ்வறிவு எவ்வாறு பிறந்தது? மலேரியாவைத் தடுக்கும் பிறைமாக்குயின் சிலரின் செங்குழியங்களை உடைத்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலச் சிறைக் கைதிகள்மீது நடத்திய ஆய்வுகளின் வழியே, ஜீ6பீடீ என்னும் நொதியத்தின் பரம்பரைக் குறைபாடே காரணமென 1956இற் கண்டனர். இத்தீங்குக்கு ஆளானோரிற் கறுப்பினக் கைதிகளே மிகுதி. அடிமட்ட மனிதரின் குருதியாற் பெற்ற அறிவு அடிமட்ட மனிதருக்கு ஆடம்பரமாம்!

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மக்கள் தலைமுறை தலைமுறையாய் மலேரியாவோடு போராடியவர்கள். அந்நோய் நிலைத்த நாடுகளிலேயே இக்குறைபாடும் மிகுதி; மலேரியாவுக்கெதிராக அது ஓரளவு காப்பளிப்பதே காரணம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. நோய் அகன்றாலும் குருதியில் அது பதித்த சுவடு அகலாது. தொழுநோய்க்கு இன்றும் தரப்படும் டப்சோன், இக்குறைபாடுடையோரின் செங்குழியங்களை உடைக்கவல்லது.

இதனை முன்கூட்டியே அறியப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை. சிறிதளவு குருதியும் எளிய நொதியப் பரிசோதனையும் போதும். முடிவைக் கிளினிக் கொப்பியில் ஒரு வரியாய் எழுதினால் அது ஆயுள் முழுவதும் காக்கும்.

மருந்து மக்களின் தேவைக்கே, வணிகரின் இலாபத்துக்கன்று என்று பேராசிரியர் சேனக பிபிலே வாதாடினார்; 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அப்பாதையின் அடுத்த படியே இது. தனியார் ஆய்வுகூடங்களிடம் இவ்வறிவை விட்டுவிட்டால், பணமுள்ளவனுக்குப் பொருந்திய மருந்தும் இல்லாதவனுக்குத் தலைவிதியுமே மிஞ்சும்.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. ஆபத்து விளைக்கக்கூடிய மருந்தைக் கொடுக்குமுன் குருதியைச் சோதிக்கும் வசதி, வன்னியின் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாய்க் கிடைக்கவேண்டும். சோதனையின் விபரம் நோயாளிக்கே உரியதாய், சந்தைப் பொருளாகாது காக்கப்படவேண்டும். இலவச வைத்தியம் என்பது இலவசக் குளிகை மட்டுமன்று. அக்குளிகை தன்னைக் கொல்லாது என்னும் உறுதியும் அதில் அடங்கும்.